இடிக்குப் பிடுங்கிய பிளக்

பெங்களூர், 20.10.98

அன்புள்ள ஸ்ரீகுமாரிக்கு, நான் சுகம். நீயும் பிள்ளை மனுவும் சுகம்தானே?

நான் சாயா போடும் ஆபீசில் எல்லாருடைய வேலையையும் சேர்த்துவைக்க செர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். நேற்று இடி முழங்கியதும், நம் வீட்டு டிவிக்குச் செய்வதுபோல ஓடிப்போய் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பெரிய புத்திசாலியாக்கும்! ஆறு பேர் காலையிலிருந்து அடித்ததெல்லாம் போயிற்று.

அதை அமைத்த, நம்ம காஞ்சிரங்குளத்துப் பெண் டெல்னாவை முதலாளி எல்லார் முன்னாலும் ஏசினார். நான் சாயா கிளாசைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்க தப்பு எங்கன்னு தெரியல்லியே, மாமா. ஒரு சாயா தாரும்" என்றாள். சர்க்கரை கூட்டிப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

மனுவிடம் சொல்லாதே. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, சோறு இறங்கவில்லை.

முதலாளி வந்துவிட்டார். டெல்னாவையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போகிறேன்.

உன் செல்லசாமி