புகார்ப் பெட்டியில் நீ போட்ட தாள்

என் பிரியமான மீன்கார அக்காவுக்கு,

உன் பெயர் தனபாக்கியம் என்று எனக்குப் போன திங்கட்கிழமைதான் தெரிந்தது. கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில், நீ அன்னக்கூடையை இறக்கி வைத்து உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, மின்கம்பத்தில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் உன் படம், கீழே பெரிய எழுத்தில் கோ. தனபாக்கியம். ஆபீசுக்குப் போக நின்றிருந்தவள், என் பஸ் வந்ததையும் போனதையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

படத்தில் உன்னை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, என்றைக்கு நீ அப்படி இருந்திருக்கிறாய்? மூக்குத்தியைப் பார்த்த பிறகுதான் நெஞ்சில் அடித்தது. இரண்டு ஞாயிறாக நீ வரவில்லை என்று உன் மேல் கோபமாக இருந்தேன் அக்கா. “சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டா பாரு மகராசி” என்று வீட்டில் திட்டினேன். நான் திட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை உன் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

இது ஒரு அடி. அடுத்த அடி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு விழுந்தது. தனபாக்கியம் என்ற பெயரை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். படித்தது மட்டும் இல்லை, என் கையாலேயே கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன். குரோம்பேட்டை வருவதற்குள் எங்கே என்று ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு என் வேலை ‘ஆஸ்பத்திரி ஆபீசு’ என்ற அளவுக்குத்தான் தெரியும். அங்கே நான் குறைதீர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். புற நோயாளிகள் கூடத்தில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது, அதன் சாவி என்னிடம். திங்களும் வியாழனும் திறந்து, வந்த தாள்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பி, பதில் வாங்க வேண்டும். பிறகு எழுதிப் போட்டவரை போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால், ‘புகார்தாரர் தொடர்பில் இல்லை, முடித்து வைக்கப்பட்டது’ என்று போட்டுவிடலாம். அது எங்கள் விதி. எங்கள் பிரிவில் பாக்கி என்று ஒரு புகார்கூடக் கிடையாது என்று மேனேஜர் மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்திருக்கிறார். நானும் நின்றேன்.

ஆபீஸ் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் பழைய கட்டைப் பிரித்தேன். இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். இப்போது மனப்பாடமே ஆகிவிட்டது.

“கால்ல புண்ணு. மூணு வாட்டி வந்தேன். மொத வாட்டி மீன் நாத்தம் அடிக்குதுன்னு வாசப்படியாண்ட ஒக்கார சொன்னாங்கோ, நம்பர் கூப்ட்டது காதுல வுழல. ரெண்டாவது வாட்டி நேரமாயிடுச்சி நாளிக்கு வான்னாங்கோ. மூணாவது வாட்டி கட்டு கட்ற ரூமாண்ட நர்சம்மா, குளிச்சிட்டு வான்னுச்சு. நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன். என் தங்கச்சி இங்கதான் வேலை செய்யுது. அதுக்கு கெட்ட பேரு வர வோணாம். புண்ண மட்டும் பாக்க சொல்லுங்கோ.”

இந்தத் தாளை நான் மறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தங்கச்சிதான். பக்கத்து சீட் சுமதியிடம் படித்துக் காட்டினேன். “யாரோட அக்காடீ இது? ஹவுஸ்கீப்பிங்ல கேளு” என்றாள். கேட்டேன். சலவையில் கேட்டேன், கேன்டீனில்கூடக் கேட்டேன். எங்களுக்கு அப்படி ஒரு அக்காவே இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சுமதியும் நானும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் டைப் அடித்தேன்.

தாளில் இருந்த நம்பருக்கு மூன்று நாள், மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றுமே ஆபீஸ் நேரத்தில். யாரும் எடுக்கவில்லை. கட்டுக் கட்டும் பிரிவிலிருந்து ‘ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி பதில் வந்தது. முடித்து வைத்துவிட்டேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை அக்கா. நானேதான் முடித்தேன்.

பெட்டியில் எழுதிப் போடச் சொன்னதே நான்தானே. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நான் ஆலயம் விட்டு வந்தபோது நீ எங்கள் வீட்டுக் கேட் ஓரம் சங்கரா மீனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தாய்.

“கால்ல என்னக்கா?”

“ஒண்ணியும் இல்ல தங்கச்சி, முள்ளு குத்திகிச்சி. சக்கரை கீதுல்ல, ஆற மாட்டேங்குது.”

“எங்க ஆஸ்பத்திரிக்கு வாக்கா. யாராவது சரியா பாக்கலன்னா பெட்டில எழுதிப் போடு, நாங்க பாத்துக்கறோம்.”

கேட்டைத் திறந்துகொண்டே, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிற வார்த்தை அது. நீ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். எனக்குச் சொன்னதே மறந்துபோனது, அந்தத் தாளைப் படித்தபோதுகூட உன் கால் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு வந்தாய்? மூன்றா, நான்கா? ஒரு தடவை மீனை வெட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாய், “ஆபீசுல பேப்பர்லாம் படிச்சிட்டியா தங்கச்சி?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “படிக்காம என்னக்கா, எல்லாத்தையும் படிச்சு முடிச்சாச்சு” என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் எனக்குச் சங்கடம் என்று நினைத்தாயா, நடக்க வேண்டியது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாயா? உனக்கு மட்டும்தான் தெரியும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு உன் மகளைப் பார்க்கப் போனேன். உன் குப்பம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தப் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் மீன் வாங்கினவங்களுக்குத் தெரியட்டும் என்று கீழ்க்கட்டளையில் அதைக் கட்டச் சொன்னவளும் அவள்தானாம். கௌசல்யா உன் ஜாடைதான், ஆனால் உன்னை மாதிரி சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்த தங்கச்சியா?”

ஆமாம் என்றேன். உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள். அந்தத் தாளை நீ சொல்லச் சொல்ல எழுதியது அவளாம். நம்பர் அவள் வீட்டுக்காரருடையது. திருமுடிவாக்கத்தில் அவர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடிகிறவரை செல்போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அவர் திருப்பிக் கூப்பிடும் நேரத்தில் எங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு தடவை நான் கூப்பிட்டிருந்தால் போதும்.

அவள் அடுத்துச் சொன்னதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மூன்றாவது தடவை வந்த அன்று நீ ரிசப்ஷனில் போய் என்னைக் கேட்டிருக்கிறாய்.

“தங்கச்சிய பாக்கணும்னு சொல்லிச்சாம். பேரு இன்னான்னு கேட்டிருக்காங்க. தெரியலன்னுச்சாம். கூடப் பொறந்தவ பேரு தெரியலியான்னு சிரிச்சிட்டாங்களாம். வூட்டுக்கு வந்து அம்மாவும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிகினு இருந்திச்சி.”

நான் மூன்றாவது மாடியில் இருந்தேன் அக்கா. லிப்ட் ஏறினால் ஒரு நிமிஷம். பதினோரு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டோம். அதற்கு மேல் ஒரு பெயர் எதற்கு என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் தோன்றும்? என் பெயர் தெரிந்திருந்தால் அந்தத் தாளில் எழுதியிருப்பாய். உன் பெயர் தெரிந்திருந்தால் நான் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி வந்திருப்பேன்.

எல்லாவற்றையும் கௌசல்யாவிடம் சொல்லிவிட்டேன். அந்த நம்பருக்குப் போன் போட்டது நான்தான், புகாரை முடித்து வைத்ததும் நான்தான் என்று. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அது அம்மாவுக்குத் தெரியாதில்ல?”

“தெரியாதும்மா.”

“கடைசி வரைக்கும் தங்கச்சி பாத்துக்கும்னு சொல்லிகினே இருந்திச்சி. தெரியாமலே போச்சில்ல. அது போதும்.”

கால் கறுத்த பிறகுதான் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். லேட் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் முதல் நாளே பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் உன் புகாரைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. “புகார் குடுத்தவங்களே இல்லையேம்மா, யாருக்குப் பதில் சொல்றது? பழசக் கிளறாதீங்க, உங்களுக்குத்தான் பிரச்சினை” என்றார். “வேலை போயிடும்டீ, சும்மா இரு” என்றாள் சுமதி. சொன்னதில் தப்பில்லை, போனாலும் போகும்.

அதனால் கீழே இறங்கிப் போய், எல்லாரையும் போல நானும் ஒரு தாள் எழுதினேன். நோயாளி பெயர், கோ. தனபாக்கியம். புகார் தருபவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், தங்கை. குறை என்ன என்ற இடத்தில் நீ சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதினேன். யார் மீது என்ற இடத்தில், வாசற்படியில் உட்காரச் சொன்னவர், நாளைக்கு வரச் சொன்னவர், குளித்துவிட்டு வரச் சொன்னவர், நான்காவதாக என் பெயர். பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் ஒரு அம்மா கையில் சீட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பெயரையும் கேட்டுக்கொண்டேன்.

இந்த வியாழனுக்குப் பெட்டியைக் காலையிலேயே திறந்தாகிவிட்டது, வரும் திங்கட்கிழமை அதை நானேதான் திறக்க வேண்டும். சாவியை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டாலும் சரி, இது முடியாமல் நான் விடமாட்டேன் அக்கா. புகார்தாரர் தொடர்பில் இல்லை என்று இந்தத் தடவை யாரும் எழுதிவிட முடியாது. அந்தத் தாளில் இருப்பது என் நம்பர். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி,
சா. எஸ்தர் ராஜகுமாரி