புழு அறைக்கு வந்த மானியம்

7 மார்ச் 1988

இன்று முட்டை பொரிந்தது. எள்ளைவிடச் சிறிய புழுக்கள். இவற்றை நம்பி, அப்பா எனக்குக் கொடுத்த ஒரு ஏக்கரில் மல்பெரி வைத்திருக்கிறேன். மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்தால் அரசு மானியம் தரும். அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முப்பத்தொன்று தாண்டினால் அந்தப் பணம் காலாவதி, மருந்து மாதிரி.

மானியம் வராவிட்டால் நிலத்தைப் பக்கத்தில் வரப்போகும் கம்பெனிக்கு விற்றுவிடுவது என்று என் வீட்டுக்காரர் சொல்ல, நானும் தலையாட்டித் தொலைத்தேன். கம்பெனிக்கு நிலம் பிடித்துத் தரும் கங்கப்பன் வாரம் தவறாமல் வந்து நலம் விசாரிக்கிறார். நிலத்தின் நலத்தை.

12 மார்ச்

தழை நறுக்கி நறுக்கி விரலெல்லாம் பச்சை. வேறு விசேஷம் இல்லை.

17 மார்ச்

அதிகாரி வந்தார். இரண்டு டம்ளர் மோர் குடித்தார். மூக்குப்பொடி போட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு புழு அறைக்குக் கிளம்பினார். நான் வாசலை மறித்தேன். புகையிலை பட்டால் புழு கக்கிச் சாகும். இந்தப் பக்கத்தில் புழு வளர்க்கும் வீட்டில், பீடி குடிப்பவர் மாமனாரே ஆனாலும் வெளியில்தான்.

"குளிச்சிட்டு, வேற துணி மாத்திட்டு வாங்க சார்."

"ஏம்மா, நான் ஆய்வுக்கு வந்தவன். சம்பந்தம் பேசவா வந்தேன்?"

"சம்பந்தம்னா முகம் கழுவினாலே போதும் சார்."

ஜீப் போய்விட்டது.

"புழு செத்தா வேற புழு வாங்கலாம். சாரு கோவிச்சிக்கினா வேற சாரு வாங்க முடியுமா?" என்றார் இவர். நியாயமான கேள்வி.

18 மார்ச்

தப்பு பண்ணிட்டேனா? கையெழுத்து ஒரு நிமிஷ வேலை. உள்ளே விட்டிருந்தால்— புழு செத்தேபோயிருக்கும்னு என்ன நிச்சயம்?

20 மார்ச்

நிச்சயம்தான். ஜீப் இங்கிருந்து நேரே பக்கத்துத் தோட்டத்து ராஜப்பன் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் கைகட்டி வரவேற்றுப் புழுத் தட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கையெழுத்து ஆயிற்று. மறுநாளே புழுக்கள் தலையைத் தூக்கிக் கக்கிச் செத்தன.

அவர் மனைவி சரோஜம்மாள் எல்லாவற்றையும் குழியில் கொட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "மானியம் பொழச்சிக்கிச்சி தில்ஷாத்து. புழுதான் போயிடுச்சி." சிரித்தபடியே அழுதாள். நான் செய்தது சரி என்று சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

24 மார்ச்

கங்கப்பன். "யாக்கம்மா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? குடுத்துட்டு நிம்மதியா இருங்க." இவர் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறார்.

29 மார்ச்

ஜீப் திரும்ப வந்தது! இந்த வட்டாரத்துக்குக் கொடுத்த இலக்கில் ஒரு ஏக்கர் குறைகிறதாம். மேலே இருந்து திட்டு. மார்ச் முப்பத்தொன்று எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் இருக்கிறது.

அவரே பொடி டப்பாவை டிரைவரிடம் கொடுத்தார். பம்புசெட்டில் குளித்தார். இவருடைய நீலக்கட்டம் போட்ட லுங்கியும் பனியனும் அணிந்து, தலையில் நீர் சொட்ட, தமிழ்நாடு அரசு என் புழு அறைக்குள் நுழைந்தது.

புழுக்கள் கடைசிப் பருவத் தீனியில் இருந்தன. அறை முழுக்கச் சடசடவென்று சத்தம்.

"வெளிய மழையா?"

"இல்ல சார். சாப்பிடறாங்க."

அவர் ஒரு தட்டருகே குனிந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். போகும்போது கேட்டார்: "இன்னிக்கு மோர் இல்லியா?"

மூன்று டம்ளர் கொடுத்தேன்.

2 ஏப்ரல்

எல்லாம் கூடு கட்டுகின்றன. எல்லாம்!

9 ஏப்ரல்

கூட்டை ஓசூர் அங்காடிக்கு இவரே கொண்டுபோனார். ஏலத்தில் அன்றைக்கு நம்முடையதுதான் முதல் விலையாம். "நம்ம கூடு" என்கிறார். போன வாரம்வரை "உன் புழு."

18 ஜூன்

மானியம் வந்துவிட்டது. சாயங்காலம் கங்கப்பனும் வந்தார். இவரிடம் விலையை ஏற்றிச் சொல்வது காதில் விழுந்தது.

"என்னை ஏன் கேக்கற? நெலத்துக்காரி உள்ள இருக்கா. கை கால் கழுவிட்டுப் போயி கேளு."

நான் அடுத்த புழுக்களுக்குத் தழை நறுக்கிக்கொண்டிருந்தேன். கங்கப்பன் உள்ளே வரவில்லை. செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் போனது.