காதில் விழுந்ததற்கு அடையாளம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

கல்லூரி வேலைக்கு ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு, இந்த வயதில் பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்க ஏன் போனாய் என்று கேட்டிருந்தீர்கள். அதை ஊருக்கு வந்து சொல்கிறேன். முழங்கால் வலி தேவலையா? காது மிஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, அலமாரியில் தூங்குகிறதா?

நான் நலம். இங்கே எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி கட்டளையிட்டால், கயிற்றைப் பிடித்திருப்பவர் அந்தக் கட்டளையைத் திருப்பிக் கத்திவிட்டுத்தான் கயிற்றை அசைக்க வேண்டும். இன்று நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தளர்த்தினேன். எதிர்ப்பக்கத்து ஆட்களுக்குத் தெரியவில்லை. பாய் பாதியில் சிக்கி, கப்பல் சற்றே சாய்ந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை.

"டீச்சரம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? நாளைக்கும் இப்படின்னா சமையல்கட்டுதான்" என்றார் மேஸ்திரி.

வெங்காயம் நறுக்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

என் பழைய போர்வையை அடுத்த துறைமுகத்துக்கு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்

மறுநாள்: கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் "தளர்த்து!" என்றதும், மிஷின் மாட்டாத உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் திருப்பிக் கத்தினேன். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். பாய் ஒழுங்காக இறங்கியது. மேஸ்திரி அடுத்த கயிற்றை என் கையில் கொடுத்தார்.