பிரித்த தாள்கள்

ஜூலை 18, வெள்ளி

சூடானில் போர் நின்றபாடில்லை. அங்கே முகாமில் இருக்கும் பெண்களுக்கு அரிசி, மருந்தோடு நாப்கினும் வேண்டும் என்று உதவிக்குழு அக்கா போன வாரம் பள்ளிக்கு வந்து சொன்னார். எங்கள் வகுப்பே நாப்கின் பாக்கெட்டுகளைச் சேர்த்தது. மந்தைவெளி மருந்துக்கடையில் செய்வதுபோல ஒவ்வொரு பாக்கெட்டையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினோம்.

இன்று வேனோடு வந்த அக்கா பெட்டியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "உள்ள என்னன்னு தெரியாம கப்பல்ல ஏத்த மாட்டாங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள துறைமுகம் போகணும். இல்லன்னா இந்தத் தடவை போகாது."

மைதானத்திலேயே உட்கார்ந்து அவசரமாகப் பிரித்தோம். முதலில் எல்லோருக்கும் கூச்சம். பட்டினப்பாக்கம் ஸ்டெல்லாதான், "இன்னாடி இது, எங்கம்மா வஞ்சிரத்தக்கூட இப்டி சுத்தி வித்ததில்ல" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கவே முடியவில்லை. வேன் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

ஆனால் முகாமில் என் வயதுப் பெண் ஒருத்தி நாப்கினை எல்லோர் எதிரிலும் எப்படி எடுத்துப்போவாள்? அதனால் வேன் கிளம்பும் முன்பே, பிரித்ததில் படம் உள்ள தாள்களை மடித்து ஒரு பெட்டியின் அடியில் வைத்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான். கூச்சமாக இருந்தால் சுற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் படம் பார்க்கட்டும்.