‘போதுமானது’ என்னும் சொல் குறித்து

கிழக்குத் தாம்பரம்,
18-11-1974, திங்கட்கிழமை, காலை மணி 6.40.

கடிதம் எண் 31/1974
பொருள்: உன் அறிக்கையின் பதினான்காம் பத்தி, மற்றும் வீட்டு விவரங்கள்.
பார்வை: ஜெனீவாவிலிருந்து நீ எழுதிய 4-11-1974 தேதியிட்ட கடிதம். இங்கு கிடைத்தது 14-11-1974 பிற்பகல்.

அன்பு மகள் யூனிஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையினால் நானும் உன் அம்மாவும் இன்று காலை வரையில் சுகமாயிருக்கிறோம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய். வேறு சாட்சி இல்லாத காரணத்தால் அதை இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறேன். உன் கடித உறையின் வலது ஓரம் ஒருமுறை பிரிக்கப்பட்டு மீண்டும் பசையிட்டு ஒட்டப்பட்டது போலிருந்தது. தபால்காரரிடம் காட்டினேன். மழைக்காலத்தில் எல்லாக் கவரும் இப்படித்தான் சார் வாயைப் பொளக்கும் என்றார். அந்த விளக்கம் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. உறையைத் தேதியிட்டுத் தனியே வைத்திருக்கிறேன். இங்கே அக்டோபர் முழுவதும் ஏமாற்றிய மழை சென்ற புதன்கிழமை தொடங்கி விட்டு விட்டுப் பெய்கிறது, சேலையூர் போகும் சாலையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. புதிதாக வாங்கிய மாத்திரை முன்னைவிட வெளிறியிருப்பதாக எனக்குத் தோன்றவே கடைக்காரரிடம் விசாரித்து வந்தேன். இந்த மனுஷனுக்குப் பால்காரனும் ஒண்ணுதான் மாத்திரைக் கடைக்காரனும் ஒண்ணுதான், தேவதூதனே வந்து கதவைத் தட்டினாலும் சீட்டு எங்கேன்னு கேப்பார் என்று உன் அம்மா சொல்லிவிட்டு அதே மாத்திரையை விழுங்கினாள். இதுவரை தீங்கு ஒன்றும் நேரவில்லை.

பார்வையில் கண்ட உன் கடிதத்தை அன்று மாலையும் மறுநாள் காலையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். உங்கள் நிறுவனம் இதுவரை வருஷத்துக்கு வருஷம் வரவு செலவுத் திட்டம் போட்டு வந்தது; இனி ஆறு வருஷத்துக்கு ஒரே திட்டமாகப் போட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே வகுத்துவிடப் போகிறது. இதைப்பற்றி வளர்ந்துவரும் நாடுகள் என்ன கருதுகின்றன என்பதைத் தொகுத்து எழுதும் பொறுப்பு உன்னுடையது. அறிக்கை 29-11-1974 அன்று அச்சுக்குப் போகிறது, அதன்கீழ் உன் பெயர் இருக்கும். அதன் பதினான்காம் பத்தியில், இப்போதுள்ள ஒதுக்கீடு போதுமானது என்று இந்நாடுகள் கருதுவதாக ஒரு வாக்கியம் வருகிறது, அது இருந்தே ஆகவேண்டும் என்கிறார் உன் மேலதிகாரி. ஒரே ஒரு சொல்தானே அப்பா, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று என்னைக் கேட்டிருக்கிறாய்; கேட்டுவிட்டு இரண்டு வரி தள்ளி, அந்தப் பத்தியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். பதிலை நீயே எழுதிவிட்டாய். ஆனாலும் கேட்ட காரணத்தால் எழுதுகிறேன்.

ஆறு வருஷத் திட்டம் என்பதே ஏழை நாடுகளின் வாயை அடைக்கும் சூழ்ச்சி என்று நான் என் 29-ஆம் எண் கடிதத்தில் எழுதியிருந்தேன். அப்படியில்லை, திட்டமென்று ஒன்று எழுத்தில் இல்லாவிட்டால் அதிகப் பணம் கட்டும் நாடுகள் நாலு சுவருக்குள் பேசி முடித்துவிடும், எழுத்தில் இருந்தால் பிடித்துக் கேட்கலாம், ஆகையால் திட்டம் வேண்டுமென்று கேட்டவர்களே இந்நாடுகளில் பலர் என்று நீ விளக்கியிருக்கிறாய். அவர்களுடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது என்கிறாய்: எது முக்கியம், எது பிறகு என்ற வரிசையை யார் போடுவது, விலைவாசி ஏறியதால் கூடிய தொகையை வளர்ச்சி என்று ஏன் காட்டுவது, பத்திரங்களைக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு, அதுவும் இங்கிலீஷில் மட்டும் கொடுத்துவிட்டு, பிரெஞ்சு படிக்கும் ஆப்பிரிக்கரிடம் கருத்துச் சொல்லுங்கள் என்றால் என்ன அர்த்தம். இவை நியாயமானவை. என் 29-ஆம் எண் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை ரத்து செய்துவிடு. ஆனால் என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பிரிவுகளிடம் வரும் வருஷங்களுக்கு ‘உத்தேசம்’ கேட்பார்கள். உத்தேசம்தானே என்று அவர்களும் அடக்கமாக ஒரு தொகையைக் கொடுப்பார்கள். மறுவருஷம் அதே தொகை ‘உச்சவரம்பு’ என்று பெயர் மாறி வந்து நிற்கும். யாரும் பொய் சொன்னதில்லை, தொகையும் மாறியதில்லை, தலைப்பு மாத்திரம் மாறியது. உன் பதினான்காம் பத்தியில் இருக்கும் சொல் ஆறு வருஷத்துக்கு அடித்தளமாகப் போகிறது. மற்ற ஆட்சேபணைகளை நீ இருபதாம் பத்தி வரையில் எவ்வளவு திறமையாக எழுதினாலும், போதுமென்று அவர்களே சொன்னபின் இதெல்லாம் எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள்.

போதும் என்று சொன்னவர்கள் யார் என்பதை நீ எழுதியிருக்கும் விதத்தைப் பார். கடைசி நாள், தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்க, மூன்று சிறிய நாடுகளின் பிரதிநிதிகள் எழுந்து, நன்றி கூறி, இருப்பதே எங்களுக்குப் போதும் என்றார்கள். இதைப் படித்தவுடன் எனக்கு 10-11-1974 ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப்பின் நடந்த நம் சபையின் பாஸ்டரேட் கமிட்டிக் கூட்டம் நினைவுக்கு வந்தது. பொருளாளர் ஜெபராஜ் உங்கள் நிறுவனத்தைப் பார்த்தோ என்னவோ, கிளைச் சபைகளுக்கு மூன்று வருஷத் திட்டம் போடுகிறேன் என்று ஒவ்வொரு கிளையாக எழுப்பிக் கேட்டார். படப்பைப் பக்கத்துக் கிளையிலிருந்து பச்சையம்மா வந்திருந்தது. அங்கே கூரை பாதி இல்லை, அது கமிட்டிக்கே தெரியும். உங்களுக்கு ஏதாவது வேண்டுமா அம்மா என்று ஜெபராஜ் கேட்க, அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, இருக்கிறதே போதும் ஐயா, நீங்க நல்லாயிருக்கணும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டது. ஜெபராஜ் உடனே, படப்பைக் கிளை தற்போதைய நிதியில் திருப்தி தெரிவித்தது என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டார். டீ குடிக்கும்போது பச்சையம்மா என்னிடம் வந்து, கூரை எப்போ சார் போடுவாங்க என்று கேட்டது. நீதான் போதுமென்று சொல்லிவிட்டாயே, எழுதியாகிவிட்டது என்றேன். அதற்கு அந்த அம்மாள் பட்ட ஆச்சரியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இன்னா சார் இது, கல்யாண வூட்ல எலையில கைய வச்சிகினு போதும் போதும்னுதான் சொல்லுவோம், அதுக்குன்னு வாளிய தூக்கிகினு அடுத்த பந்திக்குப் பூடுவாங்களா, நாலு பேர் எதிரிலே எட்த்தவொடனே குடுன்னு கேட்டா அலையறான்னு சொல்லமாட்டாங்களா என்று கேட்டது. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜெபராஜிடம் போய்த் திருத்தச் சொன்னேன். அவங்க வாயால் சொன்னதுதானே ஐயா, நான் என்ன என் வீட்டிலிருந்தா கொண்டுவந்து எழுதினேன், இனி பிப்ரவரியில்தான் கூட்டம், அப்போது பார்க்கலாம் என்றார். நேற்று மழையில் அந்தக் கிளையில் ஆராதனை நடக்கவில்லை.

இந்த ஊரில் பிறந்த உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் முறை வற்புறுத்திக் கேட்டபின் சொல்வதுதான் பதில். உன் மேலதிகாரிக்கு அது தெரியாமலிருக்கலாம். தெரிந்திருக்கலாம் என்பதே என் சந்தேகம், ஏனென்றால் இரண்டாம் முறை கேட்க நேரமில்லாத கடைசி நாளில் கேட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. அந்நாடுகளின் மனசு அறிந்தவள் நீதான், ஆகையால் உன் பெயரில் வந்தால்தான் மதிப்பு என்று அவர் சொன்னதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில், 31-12-1974 அன்று முடிகிற உன் நியமனத்தை நீட்டிப்பதில் சிரமம் இராது என்று அவர் நடைவழியில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் அவர் ஒரே நாளில் சொன்னாரா, எந்தத் தேதி, எது முதலில் என்பதை எழுது. அவர் உத்தமராகவே இருக்கலாம், நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரர் எழுதினால் ஆட்சேபிப்பார்கள், நம்மில் ஒருத்தி எழுதினால் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட ஒருவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அம்மா இதைக் கேட்டுவிட்டு, பாப்பாவைப் பயமுறுத்தாதீங்க, அதுக்குக் குளிருக்குக் கம்பளி இருக்கான்னு கேளுங்க என்றாள். கேட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. 29-ஆம் தேதிக்கு முன் அந்த மூன்று பிரதிநிதிகளையும் தனித்தனியே பார்த்து, நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறது, ஆறு வருஷத்துக்கு இதுதான் அளவு, சம்மதமா என்று இரண்டாம் முறை கேள். சம்மதம் என்றால் எழுதியது எழுதியபடி இருக்கட்டும், நானும் இதைப்பற்றி இனிப் பேசமாட்டேன். இல்லையென்றால் அந்தச் சொல்லை எடு, எடுக்க விடவில்லையானால் உன் பெயரை எடு. நியமனம் நீளாமற் போகலாம் என்பது எனக்குத் தெரியும். இங்கே நம் வீட்டு முன்பகுதியில் குடியிருந்த ஸ்ரீநிவாசராகவன் குடும்பம் கும்பகோணத்துக்கு மாற்றலாகி 31-10-1974 அன்று காலி செய்துவிட்டது. மூவர் வந்து வாடகைக்குக் கேட்டார்கள். முதலாமவர் முன்பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, இரண்டாமவர் அதைப் பற்றி மட்டுமே பேசினார், மூன்றாமவர் அளவுக்கு மிஞ்சி நல்லவராகத் தோன்றினார். ஆகவே ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சந்தேகமும் இல்லை ஒண்ணும் இல்லை, விட மனசில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன் என்கிறாள் உன் அம்மா. அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன், மறுக்கவில்லை.

நீ நுழையும் அறையிலும் உட்காரும் நாற்காலியிலும் கர்த்தர் உன்னோடிருந்து, உன் கைக்குத் திடன் தருவாராக. அம்மாவின் முத்தங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பு, உறையின் ஓரத்தில் குறுக்கே கையெழுத்திடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
தே. சத்தியநாதன்.

இணைப்பு:
1. பதினான்காம் பத்திக்கு மாற்று வாசகம், ஒரு தாள்.
2. அம்மா தன் கையால் எழுதிய அரைத் தாள். நான் படிக்கவில்லை.
3. முன்பகுதிக் கதவின் சாவி ஒன்று. சுங்கச் சீட்டில் இதற்கு மதிப்பு எழுதவேண்டும் என்றார் போஸ்ட் மாஸ்டர். ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதியிருக்கிறேன்.