ஐப்பசியை அக்டோபர் ஆக்கியவள்

இன்று அலுவலக பீரோவைத் திறந்ததும் பழைய பஞ்சாங்கங்களின் மக்கிய வாசம் அடித்தது. ராசிபுரத்து ஜோசியர் ஒருவரிடம் கேட்டு நீ வாங்கி வந்த கட்டு. வருகிற ஆவணியோடு நீ போய் ஒரு வருடம். இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. செத்தவள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனாலும் இருக்கிறது.

இந்தத் திருமணத் தகவல் மையத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தோம். ஜாதகத்தில் பிறந்த தேதி தமிழ் மாதத்தில் இருக்கும். டேட்டாபேஸுக்கு ஆங்கிலத் தேதி வேண்டும். மாற்றும் புரோகிராமை எழுதியது நான். தை என்றால் ஜனவரி, ஐப்பசி என்றால் அக்டோபர்; நாள் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டேன். ஆங்கில மாதத்தின் நடுவில்தான் தமிழ் மாதம் பிறக்கும் என்று எனக்குத் தெரியாதா? வருடா வருடம் பொங்கல் வைக்கிறவள்தானே. உனக்கு முன்னால் முடித்துக் காட்டுகிற அவசரம்.

நாமகிரிப்பேட்டை அம்மா ஒருவர் நாம் கொடுத்த ஜாதகத் தாளோடு வந்து நின்றார். ஐப்பசி பன்னிரண்டில் பிறந்த அவர் மகளுக்கு அதில் அக்டோபர் பன்னிரண்டு.

"எம்புள்ள தீவாளிக்கு மொதநாள் பொறந்தவளுங்க. நீங்க ஆயுத பூசை வாரத்துலயே பொறக்க வெச்சுட்டீங்க. நச்சத்திரம் ஒத்து வரலீன்னு பையன் ஊட்டுல பொய்ச் சாதகங்கறாங்க."

"யாரு பண்ணுன வேலை இது? அவங்க நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நீதான் எழுந்தாய்.

"ரெண்டு பேரும் சேந்துதானுங்க பண்ணுனோம். ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிப்போடறோம்."

சரி பண்ணியது நீ மட்டும். எந்த வருடம் எந்த மாதம் எந்த ஆங்கிலத் தேதியில் பிறந்தது என்று பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டாய். அந்தச் சம்பந்தம் கூடி வந்தது. கல்யாணப் பத்திரிகை உன் பெயருக்கு மட்டும் வந்தது. என் வேலை தப்பியதற்கு நன்றி வரவில்லை எனக்கு, வயிறு எரிந்தது.

"எதுக்குப் புள்ள எனக்குப் பரிஞ்சு பேசுன?" என்று சண்டைக்கு வந்தேன்.

"நீ போயிட்டா இங்க நான் யாருகூடப் பேசறது?" என்று சிரித்தாய்.

இப்போது டேட்டாபேஸ் சேலத்துக் கம்பெனிக்காரர்கள் கைக்கு மாறுகிறது. அந்தத் தமிழ் மாதப் பட்டியலைச் செய்தவர் பெயர் கேட்டு ஒரு தாள் தந்தார்கள். 'ரெண்டு பேரும் சேந்துதான்' என்று நீ அன்று சொன்னதையே பிடித்துக்கொண்டு இரண்டு பெயரும் எழுதினேன். பிறகு என் பெயரை அடித்துவிட்டேன். ஒரு தடவையாவது உன்னைவிட நல்லவளாக இருந்து பார்க்கலாம் என்றுதான். அதைப் பார்க்க நீ இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பஞ்சாங்கக் கட்டை அவர்களுக்குக் கொடுக்கவில்லை, என் பையில் வைத்துக்கொண்டேன். உன் நாற்காலி எதிரில் அப்படியேதான் கிடக்கிறது. இனி இங்கே நான் யாருகூடப் பேசறது?