அப்பாவைக் குரங்கு என்றவன்

அன்புள்ள யோரிஸ்,

ஐஸ்லாந்தில் என் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நம் பையன் எங்கள் ஐஸ்லாந்து மொழி நன்றாகப் பேசுவான் என்று அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பி அவர் வாசலிலேயே பேச்சுக் கொடுத்தார். இவன் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“பயணக் களைப்புப்பா.”

“இருக்கட்டும்மா.”

சாப்பிடும்போது, தாத்தாவை ‘அஃபி’ என்று கூப்பிடச் சொன்னேன். இவன் ‘அப்பி’ என்றான். எங்கள் மொழியில் குரங்கு.

“அந்தக் காதைப் பாத்தா யாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “குரங்குன்னாலும் என் பாஷையில கூப்பிட்டான்ல!”

அது ஒன்றைத் தவிர இவனுக்கு வேறு சொல் தெரியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் இவனிடம் என் மொழியில்தான் பேசப்போகிறேன். நம் மேசையில் கொஞ்ச நாள் நீ எதுவும் புரியாமல் உட்கார வேண்டியிருக்கும். இன்று நானும் இவனும் உன் மொழியில் பேசிக்கொண்டிருக்க, அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

உன் மனைவி